‘இருக்கலாம்’ என்ற சொல்லும் மெடிக்கல் கோடிங் வேலையும்

அம்மா, நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. முடித்த உங்கள் மகள் மெடிக்கல் கோடிங் படிக்க விரும்புவதாகவும், அது வெறும் டைப்பிங் வேலைதானே என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தயக்கம் வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைக் காப்பீட்டுக் கணக்குக்காகத் தருவதே மெடிக்கல் கோடிங். அந்த வேலை எத்தகையது என்பதை ஒரே ஒரு நோயாளியின் சார்ட்டை, அதாவது மருத்துவக் குறிப்பை, வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு பெண், பல மாதங்களாகச் சிறுநீர்ப்பையில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்று சிறுநீரியல் மருத்துவரிடம் வருகிறார். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளரவில்லை. மருத்துவர் தம் குறிப்பின் முடிவில், ‘நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி, இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸாக இருக்கலாம்’ என்று எழுதுகிறார். கிருமித் தொற்று இல்லாமலே சிறுநீர்ப்பையில் நாள்பட்ட வலி தரும் நோய் அது. அந்தக் குறிப்பு சென்னையில் ஒரு கோடரின் திரைக்கு வருகிறது. அந்த நோய்க்குரிய குறியீடு N30.10, சிறுநீரில் இரத்தமும் கலந்திருந்தால் N30.11. புதிதாகச் சேர்ந்தவரின் கை நேராக அங்கேதான் போகும். ஆனால் ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் விதிப்படி, புறநோயாளியின் குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதப்பட்ட நோய்க்குக் குறியீடு தரக் கூடாது. உறுதியாகத் தெரிந்த அறிகுறிக்குத்தான் தர வேண்டும். ஆகவே வலிக்கு R39.82, அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கு R35.0.

அதே ‘இருக்கலாம்’ மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் விதி தலைகீழாகிவிடும். நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு தர வேண்டும். நோய் உறுதியான பிறகோ, அந்நோயின் அங்கமான வலிக்குத் தனிக் குறியீடு தேவையில்லை. தவறான குறியீடு போனால் காப்பீட்டு நிறுவனம் பணத்தை மறுக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, இல்லாத ஒரு நோய் அந்தப் பெண்ணின் பெயரில் பதிவாகிவிடும் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

கல்ச்சர் என்றால் என்னவென்று உங்கள் மகளுக்குத் தெரியும்; அது நல்ல தொடக்கம். உடற்கூறியலையும் மருத்துவச் சொற்களையும் அவர் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; கோடர்களுக்கான சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்விகளுக்கு 4 மணி நேரம், குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். அனுபவம் இல்லாமல் தேறுபவருக்குப் பயிற்சிநிலைச் சான்றிதழே கிடைக்கும் என்பதைப் பல பயிற்சி மையங்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை. வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

கட்டணம் கட்டுவதற்கு முன், மேலே சொன்ன குறிப்பை விதிகளோடு சேர்த்து மகளிடம் கொடுத்துப் பாருங்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லில் அவர் கண் நிற்கிறதா, அல்லது அதைத் தாண்டி ஓடுகிறதா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்; எந்த மையத்தில் சேர்ப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.