காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் படகுக்கு நீரடி விளக்கு: எது வாங்குவது, எங்கே பூட்டுவது?

கேள்வி: நோர்வூட் பக்கம் 16 அடி பைபர் படகு வைத்திருக்கிறேன். விருந்தினர்களுக்காகப் பின்பலகையில் இரண்டு நீல நீரடி விளக்குப் பூட்ட ஆசை. எத்தனை வோட் வேண்டும்? ஓட்டை போட்டால் தண்ணீர் ஏறுமா?

பதில்: நீலத்தை விட்டுவிடுங்கள். அது தெளிந்த கடலுக்கு எடுபடும். தேயிலைச் சரிவுகளின் மண்ணும் பாசியும் கலந்த நம் நீர்த்தேக்கங்களில் பச்சைதான் தூரம் போகும். வெள்ளையோ, பனிமூட்டத்தில் ஹை பீம் போட்ட மாதிரி கண்ணுக்கே திரும்பி வரும். தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால் எந்த விளக்கும் எடுபடாது. அதற்காக வோட்டைக் கூட்டுவது வீண்செலவு.

ஒன்று 25 முதல் 30 வோட் போதும். பெட்டியில் எழுதியதை நம்பாமல், விளக்கைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி 12 வோல்ட்டில் எரியவிட்டு அம்பியரை அளந்து பாருங்கள். 60 வோட் என்றால் 5 அம்பியர் இழுக்க வேண்டும். ஒன்றரைதான் காட்டினால் அது 18 வோட் விளக்கு. உடல் 316 ரகத் துருப்பிடிக்காத இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், நீர்க்காப்பு ஐபி68 (தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கத் தக்க தரம்).

ஓட்டை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வயர் பின்பக்கத்தால் வரும் விளக்குக்கு நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய துளை போட வேண்டும். பக்கவாட்டில் வயர் வரும் மொடலை வாங்கினால், கீழே திருகாணித் துளைகள் மட்டும்தான். வயரைப் பலகையோடு மேலே கொண்டுபோய், நீர்மட்டத்துக்கு மேல் உள்ளே நுழைத்து மூடி போடலாம்.

இடத்தைக் கரையில் வைத்துக் குறிக்காதீர்கள். எரிபொருளும் ஆட்களும் ஏறிய நிலையில் படகை மிதக்கவிட்டு நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். அதற்கு 15 - 20 சென்றிமீற்றர் கீழே, எஞ்சினின் இருபுறமும் சம தூரத்தில் பூட்டுங்கள். ஆழமானியின் உணரியிலிருந்தும் வடிகால் அடைப்பிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, முதலில் டிரில்லைத் தலைகீழ்ச் சுழற்சியில் ஓட்டினால் ஜெல்கோட் (பைபரின் பளபளப்பான மேற்பூச்சு) பெயராது. பைபருக்கு உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். அதில் நீர் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே பலகை உக்கிவிடும். ஆகவே துளையைப் பெரிதாக்கி எபொக்சிப் பிசினால் நிரப்பி, இறுகியதும் நடுவே மறுபடி துளையுங்கள். அசிட்டோனால் துடைத்து, நீருக்கடியில் பயன்படுத்தத்தக்க பொலியுரேத்தேன் பசையைத் துளையிலும் விளக்கின் முதுகிலும் வைத்து 316 திருகாணியால் இறுக்குங்கள். நம் குளிருக்குப் பசை மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் படகை இறக்காதீர்கள். சிலிக்கன் பசை வேண்டாம். பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

27 வோட் விளக்கு இரண்டும் சேர்ந்து 4.5 அம்பியர். பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரமென்றால் வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் இழப்பு ஏறக்குறைய 0.3 வோல்ட்தான். பொசிட்டிவ் வயரில், பற்றரியிலிருந்து 18 சென்றிமீற்றருக்குள் 7.5 அம்பியர் பியூஸ் போடுங்கள். மூன்று மணிநேரத்தில் 13.5 அம்பியர்-மணி போய்விடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அதே பற்றரி என்றால், வோல்ட் குறைந்ததும் தானே அணைக்கும் கருவியையும் சேருங்கள். இல்லாவிட்டால் இருட்டில் துடுப்புத்தான்.

படகு போகும் திசையை மற்றவர்களுக்குக் காட்டும் சிவப்பு, பச்சை வழிகாட்டி விளக்குகளை இந்தப் பச்சை ஒளி குழப்பிவிடலாம். இரவில் படகு ஓடும்போது நீரடி விளக்கை அணைத்துவிட்டு, நின்ற பிறகு போடுங்கள். இந்த விளக்குகளைக் குளிர்விப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். கரையில் சில விநாடிகளுக்கு மேல் எரியவிட்டால் எல்ஈடி கருகிவிடலாம்.