மல்லேஸ்வரத்தில் தாத்தா காலத்து வீடு: வாங்கலாமா?

கேள்வி: பல வருஷமாக பெங்களூர் மாரத்தஹள்ளியில் வாடகைக்கு இருக்கிறோம், சொந்த ஊர் தென்காசி. நானும் தம்பியும் சேர்ந்து மல்லேஸ்வரத்தில் வீடு பார்க்கிறோம். 30க்கு 40 சைட்டில் 1940களில் கட்டிய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தாத்தா பெயரில் இருக்கிறது, பேரன்கள் விற்கிறார்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றுமே இல்லை, சுத்தமான சொத்து என்கிறார் தரகர். இரண்டு தெரு தள்ளி, பழைய வீட்டை இடித்துக் கட்டிய நாலு வீட்டு அபார்ட்மென்ட்டில் ஒரு ஃப்ளாட்டும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: அந்த "ஒன்றுமே இல்லை" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கர்நாடகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால், அந்தக் காலத்தில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் படிவம் 15 வரும், எதுவும் பதிவாகவில்லை என்றால் படிவம் 16. உங்கள் தரகர் காட்டியது 16. தாத்தா 1950 வாக்கில் கிரையம் வாங்கி, அதற்கப்புறம் குடும்பத்தில் யாரும் விற்கவில்லை என்றால் 16 வராமல் வேறு என்ன வரும்? நடுவில் தாத்தா போயிருப்பார், பாட்டி போயிருப்பார், ஒரு மகனும் போயிருக்கலாம், யாரோ உயில் எழுதியிருக்கலாம், அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்திருக்கலாம். இதில் எதுவும் அந்தச் சான்றில் தெரியாது. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டமும் இல்லை. அதனால் தாத்தா வாங்கிய தேதியிலிருந்து இன்றுவரை வில்லங்கம் போடச் சொல்லுங்கள். கணினியில் 2004 ஏப்ரலிலிருந்துதான் கிடைக்கும், அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடி வாங்கவேண்டும். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகல்தான் இருக்கிறது என்றால், அசல் எங்காவது அடமானத்தில் கிடக்கிறதா என்ற சந்தேகம் வந்தே ஆகவேண்டும். பத்திரம் பழைய கையெழுத்துக் கன்னடத்தில் இருந்தால், தரகர் படித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்களே ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, "பேரன்கள் விற்கிறார்கள்" என்றீர்களே, எந்தப் பேரன்கள்? மகன் வழியா, மகள் வழியா? பேத்திகள் எங்கே? இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெண்களுக்குப் பங்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில்தான் வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்த திருத்தம். தாத்தா தன் சம்பளத்தில் வாங்கிய சைட் என்றால் அது அவருடைய சுயார்ஜிதம். உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956இல் வந்த அதே சட்டப்படியே மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. மகள் இறந்துவிட்டாள் என்றால் அந்தப் பங்கு அவளுடைய வாரிசுகளுக்குப் போகும், காணாமல் போகாது. "அத்தைக்குக் கல்யாணத்துக்கே நகை, பாத்திரம் எல்லாம் போட்டுட்டோம் சார்" என்பது மல்லேஸ்வரம், பசவனகுடி பக்கம் அடிக்கடி காதில் விழும் வசனம். நகை போட்டதால் பங்கு தீராது, அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால்தான் தீரும்.

இதைக் கண்டுபிடிக்க வருவாய்த்துறையில் கொடுக்கும் வம்சவிருட்சச் சான்று இருக்கிறது, நம் ஊர் வாரிசுச் சான்று மாதிரி. ஆனால் குடும்பத்தார் உறுதிமொழி எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அது தயாராகிறது. ஒரு பெயரை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பெயர் இருக்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் பல வருஷமாக இருக்கும் ஒரு மாமியிடம் காபி குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசிப் பாருங்கள், சான்றில் இல்லாத ஓர் அத்தை அங்கே வெளியே வருவார். அப்புறம் நீதிமன்ற இணையதளத்தில் வாரிசுகள் ஒவ்வொருவர் பெயரிலும் வழக்கு தேடவேண்டும். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது நீங்கள் வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். ஒரு கன்னட நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ் இரண்டிலும் வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். கிரையப் பத்திரத்தில் எல்லா வாரிசுகளும் விற்பவர்களாகவே கையெழுத்துப் போடவேண்டும். சிலரைச் சாட்சியாக மட்டும் போட வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரிசாவது வெளிநாட்டில் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்கவேண்டும். வரியும் வேறு. விற்பவர் உள்நாட்டுவாசி என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போகும்போது விலையிலிருந்து நீங்கள் 1% பிடித்து வருமான வரியாகக் கட்டினால் போதும். இந்த 50 லட்சம் மொத்த விலைக்குத்தான், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுத் தப்பிக்கிற வழியை 2024 அக்டோபரிலிருந்து அடைத்துவிட்டார்கள். என்ஆர்ஐ பங்குக்கு இந்த 1% செல்லாது, பிடிக்கவேண்டியது பல மடங்கு அதிகம், பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். இதற்கு மட்டும் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவான காத்தா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். இப்போது அதன் கணினிப் பதிவான இ-காத்தா இல்லாமல் பத்திரம் பதிவாகாது, எனவே வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றட்டும். அந்த அலைச்சல் அவர்களுடையது, உங்கள் அட்வான்ஸில் நடக்கவேண்டியதில்லை. நம் ஊர்ப் பட்டா பழக்கத்தில் காத்தாவை உரிமை ஆவணம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வரிக் கணக்கு. பதிவுச் செலவுக்கு, முத்திரைக் கட்டணம் கூடுதல் வரிகளோடு 5.6%, 2025 ஆகஸ்ட் கடைசியில் ஏற்றிய பதிவுக் கட்டணம் 2%, ஆக 7.6% எடுத்து வையுங்கள். ஒரு கோடிக்கு 7.6 லட்சம்.

சரி, வீட்டுக்கு வருவோம். மல்லேஸ்வரம் 1890களில் திட்டமிட்டுப் போட்ட விரிவாக்கம். 1898 பிளேக்கில் பழைய நகரமான பேட்டையை விட்டு ஓடி வந்தவர்கள் நிறையக் குடியேறினார்கள். சுகாதாரத்தை நினைத்துப் போட்ட ஊர் என்பதால் பல வீடுகளுக்குப் பின்னால் துப்புரவு வண்டி போக ஒரு சந்து உண்டு. வண்டி நின்று காலம் ஆகிவிட்டது, சந்தைப் பல வீடுகள் மெல்ல விழுங்கிவிட்டன. டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30க்கு 40, தரையில் 30க்கு 44 என்று வந்தால் அந்த 120 சதுர அடியும், அநேகமாக அதன்மேல் நிற்கும் பாத்ரூமும், மாநகராட்சியுடையது. அதற்கு ஒரு பைசா தராதீர்கள்.

கூரையில் ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமில்லை. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும், ஏணி போட்டு ஏறி அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு என்றால் முனை இறங்காது. கரையான் தின்றிருந்தால் கேக்கில் போவது போல இறங்கும். சுவரில் கீழ் மூன்று அடி உப்பு பூத்து உதிர்கிறதா? சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. சிமென்ட்டைச் செதுக்கிவிட்டுத் திரும்பச் சுண்ணாம்புப் பூச்சு பூசவேண்டும், ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஒயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் புதிதாகப் போடுவதாகவே கணக்கு வையுங்கள். இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், எத்தனை மாடி கட்டலாம் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. வாசலில் பெரிய மரம் நின்றால் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பேரம் பேசும்போது நிலத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். சிவப்புத் தரையையும் தேக்குக் கதவையும் காட்டி ஏற்றுவார்கள், ஆனால் அவ்வளவு வயதான கட்டடத்துக்கு பாங்க் பெரிதாக மதிப்புப் போடாது.

இனி அந்த ஃப்ளாட். புதுசு என்பதால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு தேவையில்லை, எனவே நாலு வீட்டுக் கட்டடம் ரெராவுக்குள் வராது. அது நின்றுகொண்டிருப்பதும் இதே மாதிரி ஒரு தாத்தாவின் சைட்டில்தான், எனவே மேலே சொன்ன வாரிசு விசாரணை முழுக்க அதற்கும் உண்டு. கூடவே, பில்டருக்கும் நில உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நீங்கள் பார்த்த ஃப்ளாட் யார் பங்கில் வருகிறது, பிரிக்காத நிலப்பங்கு எத்தனை சதுர அடி, குடியேற்றச் சான்றான ஓசி இருக்கிறதா, அனுமதித்த வரைபடத்தில் நாலு வீடா மூன்று வீடா என்று பாருங்கள். ஓசி இல்லை, வந்துவிடும் என்றால் விட்டுவிடுங்கள். எல்லா வாரிசும் கையெழுத்துப் போடத் தயார் என்றால் என் ஓட்டு பழைய வீட்டுக்கு. ஒருவர் இழுத்தாலும் இரண்டும் வேண்டாம், அங்கே இன்னும் வீடு வரும்.

இருப்பதற்கு நல்ல இடம்தான். 2024 கோடையில் போர்வெல்லை நம்பிய புறநகர்கள் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோது, காவிரிக் குழாய் உள்ள பழைய பகுதிகள் ஓரளவு தப்பின. ஆனால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், சம்ப் எத்தனை லிட்டர், கசிகிறதா என்று பாருங்கள். வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவான 8வது கிராஸ் பக்கம் கார் எடுத்துப் போய்ப் பார்த்தால் பார்க்கிங் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் ஆபீஸ் அவுட்டர் ரிங் ரோட்டிலேயே என்றால் தினமும் நகரத்தைக் குறுக்கே கடக்கவேண்டும். பத்திர விசாரணைக்கு எப்படியும் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மல்லேஸ்வரத்திலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்து பாருங்களேன்.

கடைசியாக, நீங்களும் தம்பியும் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், யார் எவ்வளவு பணம் போட்டது, யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்பதைக் கிரையப் பத்திரத்திலேயே எழுதுங்கள், பணமும் அவரவர் கணக்கிலிருந்தே போகட்டும். பதிவான அடுத்த மாதமே இரண்டு பேரும் ஆளுக்கொரு உயில் எழுதிவிடுங்கள்.