வட்டப்பளையும் மடுவும் ஒரே கலண்டரில்

கணவர் வீட்டுக்கு முல்லைத்தீவு வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், உங்களுக்கு மடு மாதா திருவிழா; இரண்டு வீட்டு நாள்களையும் ஒரே கலண்டரில் எப்படிக் குறிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடத் திகதிகளையே எழுதிவைத்து ஏமாந்துவிட்டீர்கள் போல.

பேனையால் எழுதக்கூடியவை தைப்பொங்கல் (ஜனவரி 14 அல்லது 15), மடுவின் ஓகஸ்ட் 15. மற்றவை பென்சிலால். வட்டப்பளை வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கள். உயிர்த்த ஞாயிறு மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறு. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். 2026இல் சிவராத்திரி பெப்ரவரி 15, விபூதிப் புதன் 18. இரண்டு வீட்டு விரதமும் ஒரே வாரம், சமையலை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்!

பலர் தவறுவது இங்கேதான்: பஞ்சாங்கம் சித்திரையில் தொடங்குகிறது. அதனால் சிவராத்திரித் திகதியை அதற்கு முந்தின சித்திரையில் வாங்கிய பஞ்சாங்கத்தில் பாருங்கள். பஞ்சாங்கத்தில் இரண்டு கணிப்பு முறைகள் உண்டு; வாக்கியமா திருக்கணிதமா என்பதைக் கோயில் ஐயரிடம் கேளுங்கள்.