பகலில் அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் வந்தாலே என் தபால் பையில் பாதி கடிதம் வீடு மாற்றுவது பற்றித்தான். இந்த முறை மூன்றைப் பிரித்தேன். மூன்றும் நம் வேலூர்ப் பக்கத்து ஆட்கள், மூவரும் மாநில எல்லையைத் தாண்டப் போகிறவர்கள்.

கேள்வி: என் கணவருக்கு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது காட்பாடி காந்தி நகரில் மாமியாரோடு இருக்கிறோம். மூத்தவன் யு.கே.ஜி. முடிக்கிறான், ஜூனில் ஐந்தே கால் வயது. சின்னவளுக்கு ஒன்றரை. கணவர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் பதினெட்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார். என் அண்ணன், "ஓசூர்ல வீடு எடு, நம்ம ஊரு மாதிரியே இருக்கும்" என்கிறார். மாமியார், "வாடகை எதுக்கு, லீஸுக்கு எடுத்துட்டா மாசாமாசம் மிச்சம்" என்கிறார். அவர் எங்களோடு வரவில்லை. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். எங்கே குடியேறுவது, அம்மா?
— வாசகி, காட்பாடி

பதில்: மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். பகல் பத்து மணி நேரம் அந்த வீட்டுக்குள் இருக்கப் போவது நீங்களும் ஒன்றரை வயதுக் குழந்தையும். உங்களை யாரும் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வங்கி வேலையில் நாக்பூர், ஹூப்ளி, பெங்களூரு என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைந்தவள் நான். எங்கள் வீட்டில் ஆபீஸ் போகிறவள் நான், பகலில் வீட்டில் இருந்தது என் அம்மாவும் கைக்குழந்தையும். ஹூப்ளியில் வங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வீடு காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஓனர் குடும்பம் கீழேயும் நாங்கள் மேலேயுமாக ஒரு பழைய வீட்டை எடுத்தோம். என் அம்மாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை வராது. கீழ்வீட்டு அஜ்ஜிக்குத் தமிழ் வராது. இரண்டு கிழவிகளும் திண்ணையில் உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். நான் தினமும் கூடுதலாக அரை மணி நேரம் பஸ்ஸில் நின்றேன். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஓசூரை முதலில் தள்ளிவிடலாம். ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் உங்கள் அண்ணன் சொல்வதற்கு நானே கை தூக்குவேன். தமிழ்நாட்டுப் பள்ளி, தமிழ்நாட்டு ரேஷன், பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓசூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு பக்கம் தினமும் போய் வருகிற ஆம்பளை, பிள்ளைகள் தூங்கினபின்தான் வீட்டுக்கு வருவார். இன்னொன்று, காட்பாடியிலிருந்து பெங்களூரு போகும் ரயில் ஓசூரைத் தொடாது. ஜோலார்பேட்டை, குப்பம், பங்காரப்பேட்டை வழியாகத்தான் போகும். மாமியாரைப் பார்க்க வர வேண்டுமானால் கைக்குழந்தையோடு கிருஷ்ணகிரி வழியாக பஸ்தான்.

அந்த ரயில் பாதையிலேயே வீடு தேடுங்கள். பிருந்தாவன் மாதிரி வண்டிகள் கே.ஆர்.புரத்தில் நிற்கும். காட்பாடியில் ஏறினால் மூன்று மணி நேரம் சொச்சம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே மெட்ரோ. ஒயிட்ஃபீல்டு வரைக்கும் 2023 அக்டோபரிலிருந்து ஊதா வழித்தடம் முழுசாக ஓடுகிறது. ஐ.டி.பி.எல்.லுக்குப் பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷன். உங்கள் கணவர் கே.ஆர்.புரம், கருடாசார்பாளையா, ஹூடி எங்கே இருந்தாலும் சாலை நெரிசலில் சிக்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார். கே.ஆர்.புரம் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, காய்கறிக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். குறையும் சொல்லிவிடுகிறேன்: தொங்கு பாலத்தையும் டின் ஃபேக்டரியையும் ஒட்டின இடம் புகையும் ஹாரனுமாக இருக்கும். மெயின் ரோட்டை விட்டு மூன்று தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

பதினெட்டாவது மாடி எனக்குப் பிடிக்கவில்லை. உயரம் கூடாது என்று சாஸ்திரமெல்லாம் சொல்லவில்லை. பால்கனிக்கு கிரில் போட சில அசோசியேஷன்கள் விடமாட்டார்கள், வெளித்தோற்றம் கெட்டுவிடுமாம். ஒன்றரை வயதுப் பெண் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறும் வயசுக்கு வந்துகொண்டிருக்கிறாள். அதை முதலில் கேளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலை வாங்க ஓடுவதற்கு லிஃப்ட், கேட், கையெழுத்து என்று கால் மணி நேரம் ஆனால், நீங்கள் வெளியே போவதையே நிறுத்திவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகாதீர்கள். வார நாளில் பதினொரு மணிக்குப் போங்கள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், இரண்டிலும் ஒரே தண்ணீரா என்று. ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அடியில் வெள்ளைப் படலம் படிந்தால் போர் தண்ணீர். குக்கரும் கீசரும் பாழாகும், குழந்தைக்குக் கேன் தண்ணீர்தான். 2024 கோடையில் அந்தப் பக்கம் டேங்கருக்கு அலைந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கி, ஊரைச் சுற்றிய 110 கிராமங்களுக்குத் தண்ணீர் என்றார்கள். ஓனரும் "காவேரி கனெக்‌ஷன் இருக்கு" என்பார். கனெக்‌ஷன் இருப்பது வேறு, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்பது வேறு. ஓனரிடம் கேட்காதீர்கள். கீழே இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள், ஏப்ரலில் எத்தனை டேங்கர் வந்தது என்று. பாலாற்றங்கரையில் பிறந்துவிட்டு மேட்டூர்த் தண்ணீருக்குக் குடம் வைத்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி லீஸ், அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள், நம் ஊரில் போக்கியம் என்று காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் நான் கடைசி வருஷங்களில் வாராக்கடன் வசூல் பிரிவில் இருந்தவள். கடனைக் கட்டாத ஓனரின் வீட்டுக் கதவில், அடமான வீட்டை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் ஒட்டப் போவோம். கதவைத் திறப்பது பல நேரம் ஓனராக இருக்காது. கையில் குழந்தையோடு ஒரு பெண், உள்ளே குக்கர் விசில். "நாங்க லீஸுக்கு இருக்கோம் மேடம், பதினஞ்சு லட்சம் குடுத்திருக்கோம்" என்பார்கள். ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளில், பதிவு செய்யாமல். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். அந்தப் பதினைந்து லட்சத்துக்கு வங்கியிடம் பதில் கிடையாது, ஓனர் போனை எடுக்க மாட்டார். அதனால் முதல் வருஷம் வாடகைதான். பெங்களூருவில் அட்வான்ஸ் ஐந்தாறு மாத வாடகை கேட்பார்கள், பத்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே வழக்கம். பேரம் பேசுங்கள், பேசினால் குறைப்பார்கள்.

பையன் விஷயத்தில் ஒன்று, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. 2025-26க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று இளக்கினார்கள், அந்தக் கணக்கிலும் உங்கள் பையன் தேற மாட்டான். எனவே இன்னொரு வருஷம் யு.கே.ஜி.தான். "ஒரு வருஷம் வீணாச்சே" என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கொட்டட்டும். அங்கே கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும் என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்து எழுதத் தொடங்கும் முன் ஒரு வருஷம் கன்னடத்தைக் காதால் கேட்டு விளையாடிவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போவது அவனுக்கு லாபம். தமிழ் எழுத்து வீட்டில் உங்கள் பொறுப்பு. பள்ளி சொல்லித்தராது.

புறப்படும் முன் வேலூரிலேயே முடிக்க வேண்டியவை சில. சின்னவளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம், வேறு காகிதம் செல்லாது. இரண்டு பிள்ளைகளுக்கும் சாதிச் சான்றிதழை இ-சேவையில் இப்போதே வாங்கிவிடுங்கள். நம் பட்டியல் அங்கே செல்லாது, ஆனால் நாளைக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிக்குத் திரும்பி வரும்போது வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், லாரியில் ஏற்றாதீர்கள். உங்கள் டிஎன் 23 ஸ்கூட்டியைக் கொண்டுபோனால் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், இங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். பழைய வண்டியானால் இங்கேயே விற்றுவிடுவது மேல்.

மாமியாரை வற்புறுத்திக் கூட்டிப்போகாதீர்கள். சி.எம்.சி.யில் அவருடைய பழைய சீட்டெல்லாம் இருக்கிறது, தெருவில் நாலு பேர் அவரை அறிவார்கள். எங்கிருந்தோ வங்காளத்திலிருந்து ரயிலேறி இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள், இவரை ஏன் இங்கிருந்து கிளப்ப வேண்டும்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கான்பூரில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மனைவி ஆறு மாத கர்ப்பம், மூன்று வயதில் ஒரு பெண். வீட்டில் உருது பேசுவோம், அதனால் பாஷை பிரச்சினை இல்லை. உடனே குடும்பத்தோடு கிளம்பலாமா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: நீங்கள் கிளம்புங்கள், அவர்கள் வேண்டாம். ஆறாம் மாதத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் ரயில் எதற்கு? பிரசவம் இங்கேயே, பிறந்த வீட்டுக் கைப்பக்குவத்தில் நடக்கட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருப்பீர்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக வருவது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிபந்தனை உண்டு, நடுவில் ஊரை விட்டுப் போனால் மீதி போய்விடும்.

அதற்குள் நீங்கள் தனியாக அங்கே ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனி நம் ஏலகிரிப் பனி மாதிரி இருக்காது. பகல் பன்னிரண்டு வரை வெயிலே வராத நாள் உண்டு, பச்சைக் குழந்தையின் துணி காயாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் எல்லாம் ஜாஜ்மவ் பக்கம், கங்கைக் கரையில். ஆபீஸ் பக்கம் என்று அங்கேயே வீடு பார்த்துவிடாதீர்கள். ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். சில கிலோமீட்டர் தள்ளி இருங்கள். குழந்தைக்கு ஆறேழு மாதம் ஆன பிறகு, குளிர் விட்டு வெயில் ஏறுவதற்கு முன் கூட்டிப்போங்கள். மே, ஜூன் அங்கே வேலூரையே தோற்கடிக்கும் சூடு.

உருது பேசினால் கடைத்தெருவில் கவலை இல்லை, சரிதான். பள்ளியில் இந்தி எழுத்து, அது உங்கள் பெண்ணுக்குப் புதிது. டேபிள் டாப் கிரைண்டரை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். நாக்பூரில் ஒரு மாதம் மிக்ஸியில் அரைத்த இட்லியைத் தின்று பார்த்தவள் சொல்கிறேன்.

கேள்வி: கணவருக்குச் சித்தூரில் வேலை மாறியிருக்கிறது. ஆந்திராவாயிற்றே, குடும்பத்தையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு.
— வாசகி, விருதம்பட்டு

பதில்: ஆந்திரா என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிட்டீர்கள். 1911 வரைக்கும் சித்தூர்தான் நம் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகர்! தூரம் நாற்பது கிலோமீட்டருக்குள். கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, அவ்வளவுதான். சென்னையில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகிறவர் இதைவிட நேரம் பஸ்ஸில் இருப்பார். மகளைப் பள்ளி மாற்றித் தெலுங்கு எழுத்தில் உட்காரவைக்க இது ஒரு காரணமே இல்லை. காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போய் வரட்டும். ராத்திரி ஷிஃப்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் அங்கே ஒரு அறையைப் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பைக்கில் நடுராத்திரி அந்த ரோட்டில் வர வேண்டாம்.