புது இன்ஜினைப் பழக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

புதுக் கார் எடுத்தவர்களும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகு இன்ஜினை இறக்கி வேலை பார்த்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 150 குதிரைத்திறன். எடுத்து 120 கி.மீ. ஓடியிருக்கிறது. "இந்தக் காலத்து இன்ஜினுக்குப் பழக்கமெல்லாம் வேண்டாம், இஷ்டம்போல ஓட்டுங்கள்" என்கிறார் ஷோரூம்காரர். "1000 கி.மீ. வரை 60-ஐத் தாண்டாதே" என்கிறார் மச்சான். யார் பேச்சைக் கேட்பது? – கீழக்கரை வாசகர்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. மச்சான் சொல்வதுபோல ஓட்டினால் கெடுதல்கூட உண்டு.

சிலிண்டர் சுவரை ஹானிங் கல்லால் தேய்த்து, ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய கோடுகளைப் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கோடுகளின் மேல்விளிம்பும் பிஸ்டன் ரிங்கின் முகமும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பொருந்த வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசை மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். பூப்போல மிதித்து ஓட்டினால் ரிங் அழுந்தாது. சுவரில் மிஞ்சும் ஆயில் வெந்து கண்ணாடிப் பூச்சுபோலப் படிந்து கோடுகளை மூடிவிடும். அதன்பிறகு இன்ஜின் ஆயில் குடிப்பதை நிறுத்த, பிரித்து மறுபடி ஹானிங் போடுவதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

ஷோரூம்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இன்றைய இன்ஜின்களில் அந்தக் கோடுகளின் கூர்முனையைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுகிறார்கள். அதனால் பழக்கும் காலம் குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. முதல் 1000 கி.மீ. வரை உச்ச ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது, முழு ஆக்ஸிலேட்டர் கூடாது, அடுத்த 500 கி.மீ.யில் படிப்படியாக ஏற்றலாம் என்பது ஃபோக்ஸ்வாகன் கையேட்டின் விதி. பிஎம்டபிள்யூவின் 'எம்' ரகக் கார்களுக்கு 2000 கி.மீ. வரை 5500 ஆர்பிஎம் எல்லை உண்டு. 2000 கி.மீ.யில் இன்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் கார் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுவே முடிவானது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஊரெல்லாம் தரைமட்டம். ஏற்றத்தில் இன்ஜின் இழுக்கவும் இறக்கத்தில் தானாக இன்ஜின் பிரேக் பிடிக்கவும் மலைச்சாலை கிடையாது. அந்தச் சுமை மாற்றத்தை நீங்களே உண்டாக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். நின்ற இடத்தில் உறுமவிட வேண்டாம். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடேற இன்னும் அவ்வளவு நேரம் பிடிக்கும். அதுவரை, அதாவது முதல் 10, 15 நிமிடம், 2500 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுங்கள். பிறகு மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலேட்டரைப் பாதிக்குச் சற்று மேலே மிதித்து 3500 வரை ஏற்றுங்கள். காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கைத் தொடாமல், கிளட்சை மிதிக்காமல் 2000 வரை இறங்கட்டும். இப்படி எட்டுப் பத்து முறை செய்துவிட்டு, சில நிமிடம் சாதாரணமாக ஓட்டிச் சூட்டை ஆறவிடுங்கள். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துச் சுவரைக் கழுவுகிறது. அதனால் ஏற்றுவது எவ்வளவு முக்கியமோ இறக்கவிடுவதும் அவ்வளவு முக்கியம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 500 கி.மீ. தாண்டியதும் 4000 வரை போகலாம்.

இதற்கு வேகம் தேவையில்லை, மூன்றாம் கியரிலேயே எல்லாம் முடிந்துவிடும். சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலை நேரம் நல்லது. ஆனால் இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்த இடங்களில் ஆடு எந்த நொடியில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது, அங்கே செய்யாதீர்கள். பாம்பன் பாலத்தில் ரயிலையும் கடலையும் பார்க்க ஆட்கள் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். அங்கேயும் கூடாது.

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து வாரம் ஒருமுறை மதுரை போகிறோம். குரூஸ் கண்ட்ரோலில் 80-ல் வைத்தால் ஆறாம் கியரில் 1600 ஆர்பிஎம்தான் காட்டுகிறது. புது இன்ஜினுக்கு இதைவிடச் சுகம் உண்டா என்கிறார் என் கணவர். சரிதானா? – ராமநாதபுரம் வாசகி

பதில்: முதல் 1000 கி.மீ.க்கு குரூஸ் கண்ட்ரோலை மறந்துவிடச் சொல்லுங்கள். நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது என்று டொயோட்டா கையேடு தனியாகவே எழுதியிருக்கிறது. ஆர்பிஎம்மும் சுமையும் மாறிக்கொண்டே இருந்தால்தான் ரிங் எல்லா நிலையிலும் பொருந்தும். பரமக்குடியிலிருந்து நான்கு வழிச்சாலை வந்துவிடுவதால் ஆசை வரும். அப்போதும் நான்கு, ஐந்து என்று கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

ஆறாம் கியர் 1600-ல் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்னால் போகும் லாரியைத் தாண்ட அதே கியரில் அழுத்தி மிதித்தால், நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜினில் பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாக எரிந்துவிடக்கூடும். ஒரே ஒரு அடி பலமாக விழுந்தாலும் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) தர ஆயில் இதைக் குறைக்கும்படி தயாரிக்கப்பட்டது. டப்பாவில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியம், முந்தும் முன் இரண்டு கியர் இறக்குவது.

கேள்வி: 500 கி.மீ.யில் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினால்தான் ரிங் உட்காரும் என்கிறார் மெக்கானிக். – திருவாடானை வாசகர்

பதில்: ரீபோர் செய்த (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய) பழைய இன்ஜினுக்கு அது நல்ல யோசனை. தொழிற்சாலையிலிருந்து வந்த புது டர்போவுக்கு வேண்டாம். உள்ளே ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் சிந்தெடிக்தான்; இன்ஜினை வடிவமைத்ததே அதை நம்பித்தான். முதல் ஆயிலைச் சீக்கிரம் வடிக்க வேண்டாம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் கையேட்டில் அப்படித் தடை இல்லையென்றால் 1500 முதல் 2000 கி.மீ.க்குள் ஃபில்டரோடு சேர்த்து ஒருமுறை மாற்றுங்கள். செலவழித்த காசுக்குப் பலன் உண்டு, ஏனென்றால் தேய்ந்த துகள்களில் பெரும்பங்கு அந்த முதல் ஆயிலில்தான் சேரும். அதே கிரேடு, அதே தரம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 'இன்ஜின் ட்ரீட்மென்ட்' என்று விற்கும் எதையும் இந்தக் காலத்தில் ஊற்றாதீர்கள். உராய்வைக் குறைக்கும் சரக்கு, நமக்குத் தேவையான உராய்வையும் கெடுக்கும்.

கேள்வி: வீடு தங்கச்சிமடத்தில், கடற்கரையை ஒட்டி. புதுக் காரின் பிரேக் டிஸ்க் ஒரே இரவில் சிவந்துவிடுகிறது. காலையில் கரகரவென்று சத்தம். – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு அப்படித்தான் ஆகும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பிரேக்கையும் பழக்க வேண்டும்: காலியான சாலையில் 60-லிருந்து 20-க்கு மிதமாகப் பத்து முறை இறக்குங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். அதன்பின் ஐந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் பேடின் தடம் பதிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் அதிரும். காரைக் கழுவினால் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் பிடித்து ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணல் பறக்கும் நாளில் போய்வந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியின் கிளிப் ஒன்று சரியாக மாட்டாமல் விட்டாலும் மணல் நேரே டர்போவுக்குள் போகும்.

கேள்வி: விசைப்படகின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கு லைனர் (சிலிண்டரின் உள்சுவர்க் குழாய்), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. ஜூன் 15-ல் கடலுக்குப் போக வேண்டும். அதற்குமுன் ஜெட்டியில் கட்டிப்போட்டு இரண்டு நாள் ஸ்லோவில் ஓடவிடலாமா? – மண்டபம் வாசகர்

பதில்: கூடவே கூடாது. காருக்குச் சொன்ன அதே காரணம், டீசலில் இன்னும் கடுமை. சுமையில்லாமல் ஓடும் டீசல் சூடேறாது. முழுதாக எரியாத டீசல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும். இரண்டு நாள் ஸ்லோவில் ஓடினால் புது லைனர் பளபளவென்று ஆகிவிடும், போட்ட பணம் வீண். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

முதலில் டீசலை அடைத்து வைத்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒருதடவைக்கு 15 நொடி போதும், நடுவில் மோட்டார் ஆற விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பிரஷர், தண்ணீர் ஓட்டம், கசிவு மூன்றையும் பாருங்கள். சில நிமிடத்தில் நிறுத்தி, ஆயிலும் தண்ணீரும் அளவுக்கு இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, வலை இல்லாமல் கடலுக்குக் கொண்டுபோங்கள். உச்ச ஆர்பிஎம்மில் பாதியிலிருந்து முக்கால் வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்கி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். இடையிடையே ஒரு நிமிடம் முழு வேகம் கொடுக்கலாம். படகில் புரொப்பெல்லரின் சுமை ஆர்பிஎம்மோடு நேராக ஏறுவதில்லை, மும்மடியில் ஏறும்; அதாவது ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் சுமை எட்டு மடங்காகும். கொஞ்சம் ஏற்றினாலே இன்ஜினுக்கு நல்ல சுமை கிடைத்துவிடும்.

கரைக்கு வந்து இன்ஜின் ஆறியபின் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். கேஸ்கட்டுக்குத் தேவை என்று எழுதியிருந்தால் ஹெட் போல்டையும் மறுபடி டார்க் வையுங்கள் (சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்). முதல் பயணத்தில் பெரிய வலையைப் போட்டு இழுக்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு இழுவை புது பேரிங்குக்கு ஆகாது. கரும்புகை வந்தால் தாங்கவில்லை என்று பொருள், த்ராட்டிலைக் குறையுங்கள். 50 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 900 கி.மீ.யில் அரை லிட்டர் ஆயில் குறைந்திருக்கிறது. புதுக் கார். பயமாக இருக்கிறது. – தொண்டி வாசகர்

பதில்: இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டாம், ரிங் உட்காரும்வரை குடிக்கும். 500 கி.மீ.க்கு ஒருமுறை சமதரையில், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, கி.மீ.யையும் அளவையும் எழுதி வையுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. ஊருக்குள் மட்டும் ஓடும் டர்போ காரில் ஆயில் அளவு ஏறினால் பெட்ரோல் கலந்திருக்கிறது. நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 5000 கி.மீ. தாண்டியும் இதே வேகத்தில் குறைந்தால் உங்கள் குறிப்புகளோடு சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுத்து, ஆயில் அளவுச் சோதனை கேளுங்கள். அவர்கள் ஆயிலை மேல் கோடு வரை நிரப்பிச் சீல் வைத்து அனுப்பி, 1000 கி.மீ. கழித்து அளந்து பார்ப்பார்கள்.