எந்த மூட்டுவலி என்று முதலில் தெரியட்டும்

மூட்டுவலி பற்றி வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்துப் படித்தேன். ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருப்பது ‘வாதம்’ என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள் முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், யூரிக் ஆசிட் வலி, காய்ச்சலுக்குப் பின் தங்கிவிடும் வலி என்று தனித்தனி நோய்கள் அடைந்து கிடக்கின்றன. ஒன்றுக்குக் கைகொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு வீண். சமீப வருடங்களில் நல்ல ஆராய்ச்சிகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் உங்களுடையது எந்த வலி என்று தெரிந்தால்தான் அவற்றில் எது உங்களுக்கு ஆகும் என்று சொல்ல முடியும்.

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு மகள்: “அம்மாவுக்கு 46 வயது. மல்லிகைப்பூ பறிக்கப் போகிறார். மூன்று மாதமாக விடிகாலையில் விரல் மடங்கவில்லை, மொட்டைக் கிள்ள முடியவில்லை என்கிறார். வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததால், சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே விட்டுவிடலாமா?”

விட வேண்டாம் அம்மா. ‘வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. இரவெல்லாம் ஓய்ந்திருந்த மூட்டு காலையில் விறைத்துக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரம் கை ஓடிய பிறகுதான் இளகும். இதை நம் ஊரில் சரவாங்கி என்றும் சொல்வார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவின் கையைக் குலுக்குவது போலப் பிடித்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தை இரண்டு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறாரா? கையை மூடச் சொல்லிப் பாருங்கள். விரல் முட்டிகளுக்கு நடுவே வழக்கமாகத் தெரியும் பள்ளங்கள் மேவிப் போயிருக்கின்றனவா? போன வருடம் ஏறிய வளையல் இப்போது ஏற மறுக்கிறதா? இதில் ஒன்று ஆம் என்றாலும், இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். செலவுக்குத் தயங்கினால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மூட்டுவாதத்துக்கு யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகத்தான் இருக்கும். முடக்குவாதத்தைக் காட்டும் ஆன்டி சி.சி.பி., உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்து, மூட்டு மட்டும் வீங்கியிருந்தால், நான் மூட்டைத்தான் நம்புவேன்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. எலும்பின் ஓரம் ஒரு முறை அரித்துவிட்டால் எந்த மருந்தாலும் அதைத் திரும்ப வளர்க்க முடியாது. முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கியவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்து வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் கையைப் பார்த்தாலே தெரியும். ஆராய்ச்சி இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூட்டு இன்னும் வீங்காத, வலி மட்டும் உள்ள, ரத்தத்தில் ஆன்டி சி.சி.பி. இருக்கும் 213 பேரிடம், எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைத் தணிக்கும் அபாட்டாசெப்ட் ஊசியை ஒரு வருடம் சோதித்தார்கள். 2024-ல் வந்த முடிவு: ஊசி போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கும் அந்த வருடத்துக்குள் முடக்குவாதம் வந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடம் ஆனதும் இடைவெளி 25-க்கு 37 என்று குறைந்துவிட்டது. அதனால் இது நோயை ஒரேயடியாகத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், தள்ளிப்போட முடிகிறது. விலை அதிகம் என்பதால் நாளைக்கே நம் ஊருக்கு வந்துவிடாது. ஆனால் வீக்கம் வருவதற்கு முன்பே நோய் தொடங்கிவிடுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. மூன்று மாதமாக விறைப்போடு இருக்கும் உங்கள் அம்மா இனி ஒரு மாதம்கூட டானிக்கோடு காத்திருக்கக் கூடாது.

தெப்பக்குளத்திலிருந்து ஒரு வாசகி: “எனக்கு 34 வயது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் ‘இது கேன்சர் மாத்திரை ஆச்சே’ என்றார்கள். சாப்பிடலாமா?”

சாப்பிடலாம். கடையில் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. புற்றுநோய்க்கு இதை மிகப் பெரிய அளவில் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அமெரிக்காவில் 1988-லேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. இன்றும் புதிதாக ஒரு மருந்து வந்தால் முதலில் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. சில வருடங்களுக்கு முன் மேலூர் பக்கத்து அம்மா ஒருவர் வாய் முழுக்கப் புண்ணோடு வந்தார். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, “நீங்க சொன்ன மாதிரி தினமும் தவறாமப் போட்டேன் டாக்டர்” என்றார். வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டியதைப் பதினோரு நாள் தொடர்ந்து போட்டிருக்கிறார். வெள்ளை அணுக்கள் சரிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் காப்பாற்ற முடிந்தது. அவர் மேல் தப்பில்லை. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் தினமும் போடுகிறவருக்கு இது மட்டும் வாரம் ஒரு முறை என்று எப்படித் தெரியும்? சீட்டில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ‘புதன்கிழமை மட்டும்’ என்று தமிழில் பெரிதாக எழுதித் தருகிறேன். மாதக் காலண்டரில் எல்லாப் புதனையும் சுழித்து வைக்கச் சொல்கிறேன். நீங்களும் இன்றே ஒரு கிழமையைக் குறித்துவிடுங்கள்.

மாத்திரை போடாத நாளில் ஃபோலிக் ஆசிட். வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் சோதியுங்கள். முக்கியமாக, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த மாத்திரையோடு கர்ப்பம் தரிக்கவே கூடாது. கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன, திட்டமிட்டு மாற்றிவிடலாம்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டும் ஒரு வாசகி, 58 வயது: “வலது கட்டைவிரல் அடியில் புடைத்துக்கொண்டு வலிக்கிறது. நூலை இழுத்துச் சுற்றும்போது உயிர் போகிறது.”

ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. ஒவ்வொன்றிலும் அழுத்தம் விழுவது அதே இடத்தில்தான். அது கட்டைவிரல் அடி மூட்டின் தேய்மானம். அந்த மூட்டை அசையாமல் பிடிக்கும் பட்டையை மூன்று மாதத்துக்குக் குறையாமல் அணிந்தால் வலி குறையும். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தால் பலன் தெரியாது. வலி ஜெல்லை ஒரு நாளைக்கு மூன்று முறை மேலே தடவலாம். மாத்திரையைவிட வயிற்றுக்கு நல்லது. ஆஸ்திரேலியாவில் கைமூட்டுத் தேய்மானத்தோடு வீக்கமும் இருந்த 97 பேரிடம் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சோதித்துப் பார்த்ததில், அதை எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி ஓரளவு குறைந்தது. 2023-ல் அந்த முடிவு வெளிவந்தது. ஆய்வு சிறியது. ஜெல்லும் பட்டையும் கைகொடுக்காமல், வீக்கமும் இருந்தால் மட்டும் யோசிப்போம்.

திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர்: “வயது 62, எடை 92 கிலோ. முட்டியில் பசை வற்றிவிட்டதாம். என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி மூன்று ஊசி போட்டால் ஜவ்வு வளரும் என்கிறார்கள். கேட்கும் தொகைக்கு நகையை அடகு வைக்க வேண்டும்.”

ஐயா, நகை வீட்டிலேயே இருக்கட்டும். அவர்கள் சொல்வது பி.ஆர்.பி. ஊசி. ஆஸ்திரேலியாவில் 288 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், வாரம் ஒன்றாக மூன்று வாரம் போட்டார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2021-ல் வந்த முடிவு: ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசம் இல்லை, ஸ்கேனில் ஜவ்வின் அளவிலும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் வலி கொஞ்சம் குறைந்தது. ஊசி போட்டவர்கள் ‘எனக்குக் கேட்டது’ என்று சொல்வது அதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு ஊசியும் அப்படியே. முட்டி திடீரென்று வீங்கினால் ஒன்று போடலாம். மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில் வலி உப்புநீரைவிடக் குறையவில்லை. ஜவ்வுதான் கூடுதலாகத் தேய்ந்தது.

உங்களுக்கு நான் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது, ஆனால் பலன் உறுதி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்துவிட்டு, தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடக்கும்போது எத்தனை அடி வைப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நடப்பதற்கு முன் தொடைச் சதை பலமாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் கூடலாம், விட்டுவிடாதீர்கள்.

எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசியை, உடல்பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் 68 வாரம் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது. வலியும் வெற்று ஊசியைவிடத் தெளிவாகக் குறைந்தது. 2024-ல் வெளியான ஆய்வு இது. இன்னொன்று எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது, ஏனென்றால் மருந்து மலிவானது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை, சுகர் இல்லாத, எடை அதிகமுள்ள முட்டிவலிக்காரர்கள் 107 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று வலியை அளந்ததில், மருந்து எடுத்தவர்களுக்கு 31 புள்ளியும் மற்றவர்களுக்கு 19 புள்ளியும் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்திருக்கிறது. 2025-ல் வந்த சின்ன ஆய்வுதான். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே சுகர் இருந்தால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: “முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் தரும் பொடியில் இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது.”

தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் வளர்ந்த வீட்டிலும் வாரம் ஒரு நாள் அதுதான். மாத்திரையை நிறுத்த வேண்டாம். நாட்டு வைத்தியத்தை முறையாகச் சோதிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயம்புத்தூரிலேயே முடக்குவாதம் உள்ள 43 பேரிடம் ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்ஸேட், இரண்டும் சேர்த்து என்று மூன்றாகப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவில் மூன்று பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. 43 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதே போல் பெரிய ஆய்வு நம் சித்த மருந்துகளுக்கும் நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அந்தப் பொடிதான் எனக்குப் பயம். பெயர் இல்லாத பொடியில் இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு பலமிழக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாடிப்பட்டியிலிருந்து: “சிக்குன்குனியா வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணுக்கால் வலி போகவில்லை.”

2006-ல் நம் பக்கம் அது பரவியபோதே இந்த வலியை நிறையப் பார்த்தோம். பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

சிம்மக்கல்லிலிருந்து: “முடக்குவாதத்துக்கு ஊசிக்குப் பதில் டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு 57 வயது, சிகரெட் பழக்கம் உண்டு.”

நல்ல மருந்து, வேகமாகக் கேட்கும். ஆனால் உங்களுக்கு எழுதும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். 50 வயதைத் தாண்டி, இதய நோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இந்த மாத்திரை எடுத்தவர்களில் 3.4 சதவீதம், பழைய வகை ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதம். புற்றுநோய் 4.2-க்கு 2.9. வயதும் சிகரெட்டும் உங்களை அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கின்றன. டாக்டரிடம் சிகரெட் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். இதுவோ அந்த ஊசியோ, எதைத் தொடங்கினாலும் முதலில் டி.பி. பரிசோதனை. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி. எழுந்துவிடக் கூடாது. இந்த மாத்திரையில் அக்கியும் கொஞ்சம் அதிகம் வரும்.

கே.கே. நகரிலிருந்து: “நடு ராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே அலறுகிறேன். யூரிக் ஆசிட் 9.2. கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இன்னும் வருகிறது.”

சாப்பாட்டை மட்டும் மாற்றி 9.2-ஐ இறக்க முடியாது. ஈரல், குடல், பீர் மூன்றையும் தள்ளி வையுங்கள், அது சரி. ஆனால் உங்களுக்கு அல்லோபியூரினால் போன்ற மாத்திரை வேண்டும். யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். ‘மாத்திரையால்தான் வந்தது’ என்று பலர் அதை நிறுத்திவிடுவது இங்கேதான். இங்கிலாந்தில் 517 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நோயைப் பொறுமையாக விளக்கி, மாத்திரையின் அளவை ஏற்றியவர்கள் நர்ஸ்கள். அவர்களிடம் இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வந்தது. வழக்கமான சிகிச்சையில் 30 சதவீதம்தான். இரண்டு பக்கத்துக்கும் கிடைத்த மருந்துகள் ஒன்றுதான். இந்த ஆய்வைப் படித்த பிறகு, ஒவ்வொரு நோயாளியோடும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசுகிறேன்.

கடைசியாக, சோழவந்தான் வாசகி: “மார்கழி வந்தால் முடக்குவாதம் கூடுகிறது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.”

உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 2,600-க்கும் மேற்பட்ட வலி நோயாளிகள் தினமும் செல்போனில் வலியைக் குறித்து வந்தார்கள். காற்றில் ஈரம் கூடி, காற்றழுத்தம் இறங்கிய நாட்களில் வலி கொஞ்சம் கூடியிருந்தது. நோய் முற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருந்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். விடிகாலையில் எழுந்ததும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, இரண்டு கையையும் ஐந்து நிமிடம் அதில் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரியுங்கள். ஒரு முக்காலியை வாசலுக்குக் கொண்டு போய் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் கோலப்பொடியை எடுங்கள்.