எவ்ரிதிங் தேடலில் வேண்டாத கோப்பு வகைகளை விலக்குவது எப்படி?

வெள்ளவத்தை அச்சகக் கணினியில் ‘கல்யாண அட்டை’ என்று எவ்ரிதிங் என்ற கோப்பு தேடும் மென்பொருளில் தேடினால் டிஎம்பி (tmp), பிஏகே (bak) எனும் தற்காலிக, காப்புக் கோப்புகளும் சேர்ந்து வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

தேடும் சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு !*.டிஎம்பி !*.பிஏகே என்று சேருங்கள். நீட்சிகளை, அதாவது கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை, மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆச்சரியக்குறி விலக்கும், நட்சத்திரம் எந்தப் பெயரையும் குறிக்கும்.

இரண்டுக்கும் நடுவே | போட்டுவிடாதீர்கள். அது ‘அல்லது’. ஒரு கோப்பு ஒரே நேரத்தில் இரு நீட்சியிலும் முடியாது. எனவே எல்லாக் கோப்புகளும் ஏதாவதொரு நிபந்தனையில் தேறிவிடும், ஒன்றுமே விலகாது. இடைவெளிதான் ‘மற்றும்’.

நட்சத்திரத்தை விட்டாலும் ஆபத்து. வெறும் !.டிஎம்பி என்றால், பெயரின் நடுவில் புள்ளியோடு அந்த எழுத்துகள் வரும் பிடிஎஃப்பும் மறைந்துவிடும். வாடிக்கையாளரின் இறுதிப் பிரதி அதுவாகவே இருக்கலாம்.